கப்பல் பயணத்தில் பயணப்பொதியை முன்கூட்டி அனுப்புதல்

பயணப்பொதி முன்னனுப்புச் சேவை என்பது, பயணி தன் பெட்டிகளைத் தானே சுமந்து செல்லாமல், புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னதாக ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, கப்பல் ஏறும் துறைமுகத்திலோ தங்கும் விடுதியிலோ சேரும் ஊரிலோ பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். பேச்சுவழக்கில் 'லக்கேஜை முன்னாடியே அனுப்பிவிடுவது' என்பார்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் சொகுசுக் கப்பல் பயணிகளிடையே இது பரவலாக உள்ளது. தமிழகக் கடற்கரையில் இந்தப் பெயரில் தனித் தொழிலாக வளரவில்லை என்றாலும், ஆளும் பெட்டியும் வேறு வேறு வழியில் கடல் கடப்பது இங்கே பழைய வழக்கம்.

இக்கட்டுரை கோடியக்கரை, வேதாரண்யம், நாகப்பட்டினம் பகுதியிலிருந்து கப்பல் ஏறுபவர்களை முன்வைத்து இச்சேவையை விளக்குகிறது. பெட்டி பயணியோடு செல்கிறதா, தனியே செல்கிறதா என்பது சுமையை மட்டும் சார்ந்த கேள்வியன்று. சுங்கச் சலுகை, இழப்புக்கான பொறுப்பு, பயணம் தடைப்பட்டால் ஏற்படும் நிலை ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

வரலாறு

நீராவிக் கப்பல் காலத்தில் கடல் பயணம் வாரக்கணக்கில் நீண்டது. அறையில் வைத்துக்கொள்ள முடியாத பெரிய பெட்டிகள் கப்பலின் அடித்தளக் கிடங்குக்குச் சென்றன. பிரித்தானியக் கப்பல் நிறுவனங்கள் இதற்காகப் பயணிகளுக்கு வெவ்வேறு ஒட்டுச்சீட்டுகளைக் கொடுத்தன. அறைக்குச் செல்ல வேண்டியது, வழியில் எடுக்க வேண்டியிருப்பது, பயணம் முடியும்வரை தேவைப்படாதது என்று பயணியே பிரித்து ஒட்ட வேண்டும். இன்றைய முன்னனுப்புச் சேவைகளும் 'வழியில் எது தேவை, எது தேவையில்லை' என்னும் இதே பிரிவினையில்தான் தொடங்குகின்றன.

நாகப்பட்டினம் இம்முறையை நெடுங்காலம் கண்ட துறைமுகம். மலாயாவின் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் இங்கிருந்துதான் கப்பல் ஏறினர். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதன்பின் இந்தியக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்' அவ்வழியில் ஓடி, 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு சேவையை முடித்துக்கொண்டது. பெரிய கப்பல்கள் நாகப்பட்டினத்தில் கரையை அணைய முடியாது. அவை தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் பெட்டிகளையும் படகில் ஏற்றிக் கொண்டுசேர்த்தனர். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே பெட்டி பல கைகள் மாறியது. அதனால் பெட்டியின் மேல் பெயரும் சேருமிடமும் தெளிவாக எழுதப்பட்டிருப்பது அவசியமாயிற்று.

இலங்கைக்குச் செல்வோருக்கு 1914 முதல் வேறொரு வழி இருந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் கொழும்புக்கு மீண்டும் ரயில். 'போட் மெயில்' என்று இதை மக்கள் அழைத்தனர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் இந்த இணைப்பு அறுந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களின் இனப்போர்ச் சூழலில் அதுவும் நின்றது.

பெட்டியை மட்டும் வீட்டு வாசலில் பெற்றுச் சேருமிடத்தில் தரும் தற்காலச் சேவைக்கு ஜப்பான் நல்ல முன்மாதிரி. அங்கே யமாட்டோ நிறுவனம் 1976-இல் வீட்டுக்கு வீடு பொதி சேர்க்கும் 'தக்கியூபின்' சேவையைத் தொடங்கியது. பின்னர் பனிச்சறுக்குக் கருவிகளையும் விமானப் பயணிகளின் பெட்டிகளையும் முன்கூட்டி அனுப்பும் பிரிவுகள் அதில் சேர்ந்தன. அமெரிக்காவில் 'லக்கேஜ் ஃபார்வர்டு', 'லக்கேஜ் ஃப்ரீ' போன்ற நிறுவனங்கள் சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு இத்தகைய சேவையை வழங்குகின்றன.

செயல்படும் முறை

சேவைகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் இருந்தாலும் படிகள் பெரும்பாலும் ஒன்றே.

1. பயணி கப்பலின் பெயர், புறப்படும் நாள், துறைமுகம், அறை எண் அல்லது முன்பதிவு எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்கிறார்.
2. பெட்டியின் எடை, அளவு, உள்ளே உள்ள பொருட்களின் பட்டியல், மதிப்பு ஆகியவற்றை அறிவிக்கிறார். நாடு கடக்கும் பொதிக்கு இந்தப் பட்டியலே சுங்க ஆவணங்களுக்கு அடிப்படை.
3. நிறுவனம் அனுப்பும் சீட்டைப் பெட்டியில் ஒட்டுகிறார். பெட்டியின் உள்ளேயும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்றை வைப்பது வழக்கம். வெளிச்சீட்டு கிழிந்துபோனால் அதுவே அடையாளம்.
4. பெட்டி வீட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. உள்நாட்டுக்குச் சில நாட்களும், வெளிநாட்டுக்கு அதைவிடக் கூடுதல் நாட்களும் ஆகும்.
5. கப்பல் நிறுவனத்தோடு உடன்பாடு இருந்தால் பெட்டி துறைமுகத்தில் கப்பல் பணியாளர்களிடம் சேர்க்கப்படும். இல்லையெனில் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ சேர்க்கப்படும்.

முன்னனுப்புச் சேவை இல்லாமலேயே சொகுசுக் கப்பல்கள் ஓரளவு உதவி செய்கின்றன. துறைமுக வாசலில் அறை எண் குறித்த சீட்டுடன் பெட்டியை ஒப்படைத்தால், ஊடுகதிர்ச் சோதனைக்குப் பின் அது அறை வாசலுக்கு வந்துவிடும். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். பயணம் முடியும்போது, முந்தின இரவே பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட்டால், மறுநாள் கரையில் வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். ஆகவே முன்னனுப்புச் சேவையின் உண்மையான பயன் கப்பலுக்குள் அன்று, வீட்டுக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் உள்ளது.

கோடியக்கரையிலிருந்து சென்னைக்கு

இந்தியச் சொகுசுக் கப்பலான கோர்டீலியா 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து பயணத்தைத் தொடங்கியது. 2023 ஜூன் முதல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. இத்தகைய கப்பலில் ஏற, கோடியக்கரைவாசி முதலில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தரைவழியே வடக்கு நோக்கிச் செல்ல வேண்டும். வேதாரண்யத்துக்குப் பேருந்து, அங்கிருந்து திருத்துறைப்பூண்டி அல்லது நாகப்பட்டினம், பின்பு ரயிலோ பேருந்தோ என்று வண்டி மாறி ஏறுவதில்தான் பெட்டி பாரமாகிறது. முதியோர், கைக்குழந்தையுடன் செல்வோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இது பயணத்தையே கைவிடச் செய்யும் அளவு சிரமம்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

ரயிலில் உடன் பதிவு செய்தல்: இந்திய ரயில்வேயில் பயணச்சீட்டுடன் கட்டணமின்றிக் கொண்டுசெல்லக்கூடிய எடை, வகுப்பைப் பொறுத்து உள்ளது. குளிர்சாத முதல் வகுப்புக்கு 70 கிலோ, இரண்டடுக்குக்கு 50, மூன்றடுக்குக்கும் தூங்கும் வசதி வகுப்புக்கும் 40, இரண்டாம் வகுப்புக்கு 35. பெரிய பெட்டிகளை லக்கேஜ் அலுவலகத்தில் பதிவு செய்தால் அதே ரயிலின் பிரேக் வேனில் ஏற்றுவார்கள். இவ்வசதி எல்லா நிலையங்களிலும் இராது. வண்டி நிற்கும் நேரமும் போதுமானதாக இருக்க வேண்டும்.

கூரியர் அல்லது ஸ்பீட் போஸ்ட்: பெட்டியைச் சென்னையிலுள்ள உறவினர் வீட்டுக்கோ, முன்பதிவு செய்த விடுதிக்கோ அனுப்பலாம். கப்பல் நிறுவனத்தின் எழுத்து வடிவ ஒப்புதல் இல்லாமல் துறைமுக முகவரிக்கு அனுப்புவது பயனற்றது. பாதுகாப்புப் பகுதிக்குள் அதைக் கையெழுத்திட்டு வாங்க ஆள் இருக்க மாட்டார்.

பேருந்து பார்சல்: தொலைதூரத் தனியார் பேருந்துகள் பலவும் பார்சல் ஏற்றுகின்றன. விரைவானது, ஆனால் இறங்குமிடத்தில் காத்திருந்து எடுக்க ஒருவர் வேண்டும். ரசீதில் பொருளின் மதிப்பு குறிக்கப்படாவிட்டால், காணாமற்போனால் கேட்பது கடினம்.

எந்த வழியானாலும், பெட்டி கப்பல் புறப்படும் நாளுக்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்பே சென்னையில் இருக்குமாறு திட்டமிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டெல்டா மாவட்டச் சாலைகளில் வெள்ளம் நிற்பது வழக்கம். அப்போது இன்னும் சில நாட்கள் கூட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிக்காகக் கப்பல் காத்திருக்காது.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகுப் பயணம்

கோடியக்கரைக்கு மிக அருகிலுள்ள பன்னாட்டுப் பயணிகள் சேவை இது. 2023 அக்டோபர் 14 அன்று 'செரியாபாணி' கப்பலுடன் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை காரணமாகச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16 அன்று 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. ஏறக்குறைய 60 கடல் மைல் தொலைவைச் சுமார் நான்கு மணி நேரத்தில் கடக்கிறது.

இதில் பயணப்பொதியே பலருக்கு முக்கியமான செய்தி. யாழ்ப்பாணத்து உறவினருக்குப் புடவையும் பலகாரமும் கொண்டுசெல்வோர், கோயில் பயணம் வருவோர், சிறு வணிகர் எனப் பயணிகள் பலவகையினர். கட்டணமில்லாமல் கொண்டுசெல்லும் எடையின் வரம்பு காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டு வந்துள்ளதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே அதைக் கேட்டறிய வேண்டும். வரம்பு குறையும்போது, 'மிச்சத்தை முன்கூட்டிச் சரக்காக அனுப்பிவிடலாமே' என்ற எண்ணம் எழுவது இயல்பு. இங்கேதான் கவனம் தேவை.

முதலாவது, இச்சேவை கடலின் நிலையைப் பொறுத்தது. காற்று மிகுந்தால் அன்றைய பயணம் ரத்தாகும். பெட்டி முன்னே சென்று, ஆள் இக்கரையில் நின்றுவிட்டால், அக்கரையில் கடவுச்சீட்டுடன் வந்து அதை விடுவிக்க உரியவர் இருக்க மாட்டார். கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறும். இரண்டாவது, சுங்கம்.

கூட வராத பொதியும் சுங்கமும்

பயணியுடன் வரும் பொதியையும் தனியே வரும் பொதியையும் சுங்கச் சட்டங்கள் வேறாகப் பார்க்கின்றன. இந்தியாவில் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி, பொதியின் உள்ளடக்கத்தை அதன் உரிமையாளர் அறிவிக்க வேண்டும். 2016-இல் வகுக்கப்பட்ட பயணப்பொதி விதிகளின்படி, கூட வராத பொதி வெளிநாட்டில் அந்தப் பயணியிடமே இருந்ததாக இருக்க வேண்டியிருந்தது. பயணி இந்தியா வந்து சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அனுப்பப்பட்டிருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. முன்னதாக வருமானால், அவர் வருகைக்கு இரண்டு மாதம் முன்பு வரை வந்திறங்கலாம் என்றிருந்தது. தக்க காரணம் இருந்தால் அதிகாரிகள் இக்காலத்தை நீட்டிக்க முடிந்தது.

முக்கியமான வேறுபாடு சலுகையில் உள்ளது. பயணிகளுக்குரிய பொதுவான வரிவிலக்கு வரம்பு, உடலிலோ உடன் வரும் பெட்டியிலோ கொண்டுவரும் பொருட்களுக்கே உரியது. தனியே வரும் பொதியில் பயன்படுத்திய சொந்த உடைமைகளுக்கு விலக்கு கிடைக்கலாம்; புதிய புடவைக்கும் பரிசுப் பொருளுக்கும் வரி விதிக்கப்படும். கையில் கொண்டுவந்திருந்தால் வரியின்றி வந்திருக்கக்கூடிய அதே பொருள், முன்கூட்டி அனுப்பியதால் வரிக்கு உள்ளாகிறது. இலங்கைச் சுங்கத்திலும் கூட வராத பொதிக்குத் தனி நடைமுறை உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், அனுப்பும் நேரத்தில் நடப்பிலுள்ளதை இரு நாட்டுச் சுங்கத் தளங்களிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உணவுப் பொருட்களுக்கு மேலும் தடைகள் உள்ளன. கருவாடு, ஊறுகாய், விதைகள், பழங்கள் போன்றவற்றைப் பல கூரியர் நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும் தாவர, விலங்குத் தடுப்புக்காப்புச் சோதனையில் நிறுத்தப்படலாம். ஒரு பொருளுக்காக முழுப் பெட்டியும் தடுத்து வைக்கப்படும்.

பொறுப்பும் இழப்பீடும்

கடல் பயணிகளின் பொதி பற்றிய 1974-ஆம் ஆண்டின் ஏதென்சு உடன்படிக்கை, அறைப் பொதியையும் மற்றப் பொதியையும் பிரித்துப் பார்க்கிறது. பணம், தங்கம், நகை போன்றவற்றைக் கப்பலில் முறையாகப் பாதுகாப்புக்கு ஒப்படைக்காவிட்டால், அவற்றின் இழப்புக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பாகாது. வெளியே தெரியும் சேதத்தைப் பொதியைப் பெறும்போதே தெரிவிக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கும் காணாமற்போனதற்கும் 15 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இந்த உடன்படிக்கை எல்லா நாடுகளிலும் நடப்பில் இல்லை. எனினும் கப்பல் நிறுவனங்களின் பயணச்சீட்டு நிபந்தனைகள் பலவற்றில் இதையொத்த விதிகளைக் காணலாம்.

முன்னனுப்பு நிறுவனம் வேறு, கப்பல் நிறுவனம் வேறு. பெட்டி துறைமுகத்தில் கைமாறியபின் உடைந்திருந்தால் ஒருவரையொருவர் சுட்டக்கூடும். அதைத் தவிர்க்க, ஒப்படைக்கும்முன் பெட்டியைத் திறந்தும் மூடியும் படம் எடுத்தல், ரசீதில் மதிப்பைக் குறித்தல், காப்பீட்டில் தாமதமும் அடங்குமா என்று கேட்டல், பெறும்போது கையெழுத்திடும் முன் சோதித்தல் ஆகியவை உதவும்.

கையில் இருக்க வேண்டியவை

எவ்வளவு நம்பகமான சேவையானாலும் சிலவற்றைப் பிரியக் கூடாது. கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு, பணம், நகை, அன்றாட மருந்தும் மருத்துவர் சீட்டும், மூக்குக்கண்ணாடி, கைப்பேசியும் அதன் மின்னேற்றியும், குழந்தைக்குரிய உணவு, இரண்டு நாளுக்கு மாற்றுத்துணி ஆகியவை தோள்பையில் இருக்க வேண்டும். பவர் பேங்க் போன்ற லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றக்கூடியவை. விமானத்தில் அவற்றை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. எனவே வான்வழி செல்லும் கூரியர் பெட்டியிலும் வைக்கக் கூடாது. இஸ்திரிப்பெட்டி, மெழுகுவத்தி, கத்தி போன்றவற்றைச் சொகுசுக் கப்பல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

யாருக்குப் பொருந்தும்

ஒரே நாட்டுக்குள் நெடுந்தொலைவு சென்று கப்பல் ஏறுவோர், பல வாரம் பயணம் செய்வோர், சுமை தூக்க இயலாதோர் ஆகியோருக்கு முன்னனுப்புச் சேவை செலவுக்குத் தக்க பயன் தரும். அதற்கு மாறாக, நாகப்பட்டினத்திலிருந்து சில மணி நேரத்தில் கடக்கும் இலங்கைப் பயணத்துக்கு, கூடுதல் எடைக்குரிய கட்டணத்தைச் செலுத்தி உடன் கொண்டுசெல்வதோ, பொருட்களைக் குறைப்பதோதான் பெரும்பாலும் மலிவானதும் பாதுகாப்பானதும் ஆகும். பெட்டியைத் தனியே அனுப்புமுன், 'நான் ஒரு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இந்தப் பெட்டியை யார் வாங்கி வைப்பார்?' என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். விடை இல்லையென்றால் அந்தப் பெட்டி உடன் வருவதே நல்லது.