ஜீப்பின் முதுகில் ஐந்தாவது சக்கரம்



எங்கள் மாமாவிடம் ஒரு பழைய மகிந்திரா ஜீப் இருக்கிறது. சின்ன ஜீப், சி.ஜே. 3பி என்ற வகை. திட்டக்குடியிலிருந்து வெலிங்டன் ஏரிப் பக்கம் உள்ள எங்கள் கொல்லைக்கு உரமூட்டை ஏற்றிப் போவதும், மழைக்காலத்தில் கரிசல் சேற்றில் மாட்டிய டிராக்டரை இழுப்பதும் அதன் வேலை. அதன் முதுகில் ஒரு சக்கரம் சும்மா தொங்கும். அதுதான் ஸ்டெப்னி. சனிக்கிழமைதோறும் அதில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. மாமா எனக்குக் கொடுத்த ஒரே வேலை அது.

நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் இல்லை, நான்கைந்து மாதம். மாமா கேட்கும்போதெல்லாம் "பாத்துட்டேன் மாமா" என்று சொல்லிவிடுவேன்.

அக்காவுக்கு பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. அன்று பார்த்து டவுன் பஸ் வரவில்லை. மாமா ஜீப்பை எடுத்தார். ஏரிக்கரை தாண்டியதும் சீமைக்கருவேல முள் ஏறி முன் சக்கரம் பஞ்சர். மாமா பதறவே இல்லை. "பத்து நிமிஷ வேலைடா" என்று ஜாக்கி வைத்தார். ஸ்டெப்னியைக் கழற்றிக் கீழே போட்டதும் அது துள்ளவில்லை, பொத்தென்று விழுந்தது. கையால் அமுக்கினால் அமுங்குகிறது. என்னிடம் சைக்கிள் பம்பு இருந்தது. ஆனால் சைக்கிள் டியூபின் வால்வு வேறு, ஜீப் டியூபின் வால்வு வேறு, ஒன்றுக்கொன்று சேராது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "காத்து பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். பால் கேனோடு டி.வி.எஸ். 50-ல் வந்த ஒரு அண்ணன், கேனை எங்களிடம் இறக்கி வைத்துவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு போனார். பத்து மணிப் பரீட்சைக்கு ஒன்பது ஐம்பதுக்கு உள்ளே போனாளாம்.

அதற்குப் பிறகு ஸ்டெப்னியைப் பற்றி நான் பஞ்சர் கடை அண்ணனிடம் கேட்டதும், படித்ததும், மாமாவோடு அளந்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர் என்றால் நம்புவீர்களா? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. அங்கே இரும்புக்கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் இதைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்துக் காரில் சக்கரத்தைக் கழற்றும் வசதி கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். இவர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே கவ்வி வைத்து முடுக்கும்படி செய்தார்கள். பிறகு சக்கரத்தையே கழற்றி மாட்டும் கார்கள் வந்துவிட்டதால் அந்தப் பொருள் போய்விட்டது. பெயர் மட்டும் நம் பஞ்சர் கடைகளில் நிற்கிறது. மால்டா என்ற குட்டித் தீவு நாட்டிலும் இப்படித்தான் சொல்கிறார்களாம்!

இப்போது ஜீப்புக்கு வருவோம். காரென்றால் டிக்கியில் போட்டு மூடிவிடலாம். ஜீப்பில் டிக்கி ஏது? இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லீஸ் ஜீப்பில் ஸ்டெப்னியைப் பின்பக்கத் தகட்டில் மாட்டினார்கள். அதற்குப் பின்கதவு இல்லை, அதனால் இடைஞ்சலும் இல்லை. 1945-ல் விவசாயிகளுக்காக சி.ஜே. 2ஏ என்று ஒன்றை விட்டபோது, மூட்டை ஏற்றி இறக்கப் பின்கதவு வேண்டியிருந்தது. ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போனது. இதே வில்லீஸ் குடும்பத்து ஜீப்பைத்தான் 1940-களின் கடைசியிலிருந்து மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டி விற்றார்கள்.

மாமாவின் ஜீப்பிலும் முதலில் பக்கவாட்டில்தான் இருந்தது. வரப்போரம் போகும்போது கருவேலம் புதரில் மாட்டுகிறது என்று வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பின்னால் மாற்றினார். மாற்றிய பிறகுதான் பின்கதவு திறக்கவில்லை என்று தெரிந்தது! மறுபடி பட்டறைக்குப் போய், கீல் வைத்து, கதவு போலத் திருப்பும் ஒரு தாங்கி அடித்துவந்தார். அமெரிக்காக்காரன் 1945-ல் பட்ட பாட்டை எங்க மாமாவும் பட்டார். ஜிப்சி, பொலீரோ, தார், 2023-ல் வந்த ஜிம்னி என்று எல்லாவற்றிலும் பக்கவாட்டில் திறக்கும் பின்கதவிலேயே ஸ்டெப்னி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கதவும் சக்கரமும் சேர்ந்து திரும்பிவிடும். கீல்தான் பாவம். மேடுபள்ளத்தில் சக்கரம் குலுங்கக் குலுங்க கீல் தளர்ந்து, கதவு கடகடவென்று ஆடும்.

அப்படியானால் லாரி மாதிரி அடியில் மாட்டக்கூடாதா? தார் ரோட்டுக்குச் சரி. ஓடையில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் தரையில் இடிக்கும். சேற்றில் மாட்டிக்கொண்டால், கழற்ற வேண்டிய சக்கரமே சேற்றுக்குள் இருக்கும். கூரை மேல் வைத்தால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்து சரிவில் சாயப் பார்க்கும். பழைய லேண்ட் ரோவரில் பானெட் மேலேயே வைத்தார்கள். எஞ்சினைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அந்தப் பாரத்தைத் தூக்க வேண்டும். உள்ளே போட்டால் கட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் திடீர் பிரேக்கில் நம் முதுகுக்குத்தான் வரும்.

பின்னால் தொங்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் பாடத்தில் வரும் நெம்புகோல்தான். நெல் மண்டித் தராசில் எங்கள் ஸ்டெப்னி 24 கிலோ. பின் அச்சிலிருந்து ஏறக்குறைய 70 செ.மீ. பின்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது 203 செ.மீ. பின் அச்சை ஆதாரப்புள்ளியாக வையுங்கள். 24-ஐ 70-ஆல் பெருக்கி 203-ஆல் வகுத்தால் எட்டேகால் கிலோ வரும். முன் சக்கரங்களின் மேலிருந்து அவ்வளவு பாரம் குறைகிறது. பின் அச்சோ 24 கிலோவை இல்லை, 32 கிலோவைத் தாங்குகிறது. சீசா பலகையில் ஓரத்தில் உட்கார்ந்தவன் கதைதான். இயற்பியல் சார் பார்த்துவிட்டு "சரிதான்" என்றார். எட்டு கிலோவால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே இடத்தில் டீசல் கேன், கலப்பை, இரண்டு மூட்டை என்று தொங்கவிட்டால் செங்குத்தான கரையில் ஏறும்போது ஸ்டியரிங் லேசாகிப் பிடிப்பு போகும்.

இன்னொன்று, ஸ்டெப்னி மற்ற நான்கோடு ஒரே அளவில் இருக்க வேண்டும். எங்கள் ஜீப் மாதிரி ஃபோர் வீல் கியர் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும் வண்டியில், ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் அது அதிகம் சுற்றப் பார்க்கும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாமல் கியர் பெட்டிக்குள் முறுக்கு ஏறிவிடும்.

2020 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி போட்டது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் சிறிய வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. டவுனுக்கு அது போதும். கரும்புக் கட்டை குத்தி டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. ஆகவே கொல்லைக்குப் போகும் ஜீப்புக்கு இது ஆகாது என்பது என் கருத்து.

மாட்டும்போது கவனிக்க வேண்டியதை பஞ்சர் கடை அண்ணன் சொன்னார். மண் தரையில் ஜாக்கிக்கு அடியில் பலகை வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். முடுக்கும்போது வரிசையாக முடுக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுவது போல முடுக்க வேண்டும். சில பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை. தெரியாதவர்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார்களாம்!

காற்று விஷயம் என் விஷயம். ஓடாத டயரிலும் மாதத்துக்கு ஓரிரு பவுண்டு தானாகவே இறங்கும். அதனால் ஸ்டெப்னிக்கு மட்டும் சில பவுண்டு கூடுதலாக அடிக்கச் சொன்னார். காட்டுக்குள் காற்றை இறக்க ஒரு குச்சி போதும், ஏற்றத்தான் வழியில்லை. வெயில் பட்டுப் பட்டு ரப்பர் வெடித்துவிடும், உறை போடுவது நல்லது. ஓட்டாத டயருக்கும் வயசு ஆகும். பக்கச்சுவரில் உள்ள நான்கு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். எங்கள் ஸ்டெப்னியில் 1411 என்று இருந்தது. 2011-ஆம் வருடம் பதினான்காவது வாரம்! அதைச் சொன்னதும் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். பொங்கலுக்குள் வேறு டயர் வாங்கிவிடலாம் என்றார்.

அக்காவுக்குக் கணக்கில் நல்ல மார்க். ஆனாலும் முதல் பத்து நிமிடம் கை நடுங்கியதில் ஒரு ஐந்து மார்க் கேள்வி போயிற்று என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை காலையில் இப்போது நான் அழுத்தமானியோடு போகிறேன். மாமா கேட்பதில்லை. நான் பார்த்து முடித்ததும் அவரும் ஒரு தடவை வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

– பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்