இதழ் குவியாச் சொற்கள்

தொண்டை நாட்டில், ஆந்திர மாநிலத்தை ஒட்டி அமைந்தது திருத்தணி. முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் அது தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். 365 படிகளை உடைய அக்குன்றின் பெயரிலேயே ஒரு சிறு விந்தை அடங்கியிருக்கிறது. 'தணிகை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், இதழ்கள் ஒன்றையொன்று தீண்டுவதில்லை, குவிவதுமில்லை. 'திருத்தணி' என்றாலோ 'ரு' என்னும் எழுத்தில் இதழ் குவிந்துவிடுகிறது.

இவ்வாறு இதழின் தொழில் சிறிதும் இல்லாத எழுத்துகளாலேயே செய்யுள் இயற்றுவதை நிரோட்டகம் என்பர். தமிழில் அதற்கு இதழகல் என்பது பெயர். ப, ம, வ என்னும் மெய்களையும், உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்களையும் புலவன் அறவே விலக்கவேண்டும். முருகனைப் பாட விரும்பினால் 'முருகன்' என அழைத்தல் இயலாது. குமரன், வேலன், சரவணன், ஆறுமுகன் ஆகிய பெயர்களும் ஆகா. கந்தன், கார்த்திகேயன், தணிகாசலன் என்பனவே எஞ்சி நிற்கும்.

பெயர்கள் போனால் போகட்டும். இலக்கணமே கைவிட்டுப் போவதுதான் பெருந்துன்பம். நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' இல்லை, 'ஓடு' இல்லை, எண்ணும்மையாகிய 'உம்' இல்லை. எதிர்காலம் காட்டும் இடைநிலைகள் பகரமும் வகரமுமாதலின் 'செய்தான்' என்னலாம், 'செய்கின்றான்' என்னலாம். 'செய்வான்' என்றல் கூடாது. 'நான்' உண்டு, 'நாம்' இல்லை. இத்தளைகளோடு 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியைப் பாடினார். ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் ஒரே எழுத்துத்தொடர் வெவ்வேறு பொருளில் வருதல் யமகம். ஒரு செய்யுளின் முடிவே அடுத்ததன் முதலாதல் அந்தாதி. மூன்று விலங்குகளை ஒருங்கே பூண்டு நடந்தார் எனலாம். தோற்றவர் வென்றவர்க்கு அடிமையாதல் வேண்டும் என்னும் ஒப்பந்தத்தோடு வேறொரு புலவருடன் போட்டியிட்டு, இந்நூலைப் பாடி அவர் வென்றார் என்பது வழிவழி வரும் வரலாறு. 'செந்தில்' என்பதும் இதழ் குவியாச் சொல்லே என்பது நோக்கத்தக்கது.

இக்கலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. காஞ்சியில் வாழ்ந்த தண்டி என்னும் வடமொழிப் புலவர், தம் தசகுமார சரிதத்தில் இதழ் புண்பட்ட ஓர் இளைஞன் தன் கதையை இதழெழுத்துகளின்றியே சொல்வதாக அமைத்துள்ளார். தெலுங்கிலும் இத்தகைய பாடல்கள் உண்டு. ஆங்கிலத்தில் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்பவர், அம்மொழியில் மிகுதியாக வழங்கும் 'ஈ' என்னும் எழுத்தே இல்லாமல் ஐம்பதினாயிரம் சொற்களுக்கு மேற்பட்ட 'கேட்ஸ்பி' என்னும் கதையை எழுதி, 1939இல் வெளியிட்டார். மறந்தும் அவ்வெழுத்து வந்துவிடாதபடி தட்டச்சுப் பொறியில் அதற்குரிய பகுதியைக் கட்டிவைத்துக்கொண்டாராம்!

சில எழுத்துகளை விலக்குதல் ஒருவகை. ஓரெழுத்தின் இனத்தையன்றி வேறொன்றையும் சேர்க்காமை மற்றொரு வகை. தணிகைப் பெருமானைத் திருப்புகழில் பலகாலும் பாடிய அருணகிரிநாதர், கந்தரந்தாதியின் 54ஆம் செய்யுளைத் தகர வருக்கத்தாலேயே பாடியுள்ளார். வில்லிபுத்தூரார் தம்முடன் வாதிட்டுத் தோற்ற புலவரின் காதுகளை அறுத்துவந்தார் என்றும், அந்தாதி முழுவதற்கும் உடனுக்குடன் பொருள் கூறி வந்த அவர், இச்செய்யுளுக்குப் பொருள் காணாது திகைத்தார் என்றும், அருணகிரியாரோ அவர் காதுகளை அறுக்காது, அக்கொடுமையை ஒழிக்கச் செய்தார் என்றும் கூறுவர். இது செவிவழிச் செய்தியே. எனினும், ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால் காதையே இழக்க நேரும் என்னும் அச்சம் அக்காலப் புலவர்க்கு எத்துணைத் தூண்டுகோலாய் இருந்திருக்கும்!

ஓர் எழுத்தின் இனத்தை வைத்துக்கொண்டு பொருளுள்ள பாட்டு எங்ஙனம் அமைகிறது? ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என நன்னூல் கணக்கிடுகிறது. அவற்றுள் தா, தீ, தூ, தே, தை, து ஆகிய ஆறும் தகரத்திற்கு உரியன. 'தீ' நெருப்பு, 'தே' தெய்வம், 'து' உண்ணுதல். ஆங்கிலத்திலோ ஓரெழுத்துச் சொற்கள் இரண்டு மூன்றே. ஆயினும் அங்கும் இத்தகைய சிறு சொற்களைத் தேடித் தொகுப்போர் பலர் உளர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், 1930களில் வேலையின்றி இருந்தபொழுது, செய்தித்தாள்களில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறதென எண்ணி, ஒரு விளையாட்டை வகுத்தார். 1948இல் 'ஸ்கிராபிள்' எனப் பெயர் பெற்றது அதுவே. அதன் 100 கட்டைகளுள் 'ஈ' பன்னிரண்டு, 'கியூ' ஒன்றே, அதற்குப் 10 புள்ளிகள். 'கியூ'வைத் தொடர்ந்து 'யூ' வருதலே ஆங்கில வழக்கு. 'யூ' கையில் இல்லாதபொழுது, உயிர்மூச்சைக் குறிக்கும் 'சீ' என்னும் சீனச்சொல் போன்ற வந்தேறிச் சொற்களே ஆட்டக்காரரைக் காக்கின்றன.

காவிரி என்பதில் ஈற்றெழுத்தை நீக்கினால் காவி. பின்னும் நீக்கினால் சோலையைக் குறிக்கும் கா. கவிதையில் முதலெழுத்து நீங்கினால் விதை. மேலும் நீங்கினால் தை. 'விகடகவி' எனத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதினால், இருமொழியிலும் திருப்பிப் படித்தாலும் அதுவே வரும். முழுப்பாடலும் இவ்வாறு அமைவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அங்ஙனம் பாடினார்.

இவற்றையெல்லாம் முன்னோர் மிறைக்கவி என்றனர். மிறை என்பதற்குத் துன்பம் என்பது பொருள். பாடியவர்க்கு மட்டுமன்றிப் படிப்பவர்க்கும் துன்பந்தான்: உரையின்றி இவற்றுள் பல விளங்கா. பாட்டின்பம் நாடுவோர் இவற்றைப் பெரிதும் போற்றாமையில் வியப்பில்லை. ஆயினும் யாப்பும் அணியும் கற்போர் இவற்றை விட்டுவிடவில்லை. தணிகையில் வாழ்ந்த கந்தப்பையர், கச்சியப்ப முனிவரிடம் பயின்றவர். தணிகைப் பெருமான்மீது பல நூல்கள் பாடியவர். அவர் மைந்தர் விசாகப்பெருமாளையர் 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் தமிழாசிரியராய் விளங்கி, யாப்பிலக்கணத்தையும் அணியிலக்கணத்தையும் மாணவர் படித்தறியத்தக்க உரைநடையில் எழுதி அளித்தார்.