உங்களுக்குத் தெரியுமா? முண்டு மரத்தில் கடைந்த தட்டுகள்

★ ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோ ஒரே ஒரு மர மேசைக்குக் கொடுத்த விலை 5,00,000 செஸ்டெர்ஸ் காசுகள். அன்றைய சாதாரணப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் அதிகம் போனால் 900 காசுதான். 556 வருஷம் சேவகம் செய்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் அந்த மேசையை வாங்கலாம்! முதல் நூற்றாண்டில் எழுதிய ரோம அறிஞர் பிளினி, அந்த மேசை தம் காலத்திலும் இருந்தது என்கிறார். முத்து வாங்கிக் குவிக்கிறாயே என்று கணவன்மார் கடிந்தால், “உங்கள் மேசைப் பைத்தியத்துக்கு இது தேவலாம்” என்ற தோரணையில் மனைவியர் திருப்பிக் கொடுப்பார்களாம். இந்தச் சண்டையையும் எழுதி வைத்தவர் அவர்தான்.

அப்படி என்ன மரம்? வட ஆப்பிரிக்காவின் துயா மரத்தில் புடைத்து வளரும் முண்டு. அதிலும் மண்ணுக்கு அடியில் வளர்ந்ததுதான் உசத்தி. வரி ஓடினால் புலி, சுழித்தால் சிறுத்தை, புள்ளி விழுந்தால் மயில்கண் என்று ரகம் பிரித்து விலை பேசினார்கள். மொராக்கோவின் எஸ்ஸவீரா நகரத்துக் கைவினைஞர்கள் இன்றும் அதே மரத்தின் அடிமுண்டைத் தோண்டி எடுத்துப் பெட்டியும் தட்டும் செய்கிறார்கள்.

★ மரத்தில் முண்டு ஏன் வருகிறது? காயம், பூச்சி, பூஞ்சை என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லா முண்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. உள்ளே நடப்பது மட்டும் தெளிவு. கிளையாக வேண்டிய மொட்டுகள் வெளியே வராமல் நூற்றுக்கணக்கில் உள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி வளரும் மர நார் நேராக ஓட இடமின்றி வளைந்து திரும்பி முறுக்கிக்கொள்கிறது. கடைந்த தட்டில் நாம் பார்க்கும் ஒவ்வொரு ‘கண்’ணும் கிளையாகாமல் போன ஒரு மொட்டு.

எந்தப் பக்கம் அறுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். மரத்தோடு ஒட்டிய பரப்புக்கு இணையாக அறுத்தால் கண்கள் தெரியும். குறுக்கே அறுத்தால் அதே மொட்டுகள் நீளக் கோடுகளாகிவிடும். முதல் வெட்டில் தவறினால் பிறகு எந்த உளியாலும் சரி செய்ய முடியாது.

★ சாதாரண மரத்துண்டுக்கு இரண்டு முனைகளில் மட்டும் மெழுகு பூசி உலரவிடுவார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முண்டிலோ நார் எல்லாத் திசையிலும் திரும்பி நிற்பதால், எல்லாப் பக்கமும் முனைதான்! ஆகவே உருண்டை முழுவதையும் மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். பச்சையாகவே கடைபவர்கள் முதலில் தடிமனாக விட்டு வைப்பார்கள். 30 சென்டிமீட்டர் அகலத் தட்டென்றால் 3 சென்டிமீட்டர் கனம் என்பது பட்டறைக் கணக்கு. பிறகு அவ்வப்போது தராசில் வைத்துப் பார்ப்பார்கள். எடை குறைவது நின்றால் உலர்ந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி லேத்தில் ஏற்றலாம்.

★ கிண்ணத்தைவிடத் தட்டு கடைவது சுலபம் என்று தோன்றும். இல்லை. அகலமான, மெல்லிய பலகை ஓரத்தில் அதிரும். அதனால் நடுவில் கனம் இருக்கும்போதே விளிம்பை முழுசாக முடித்துவிட்டு, அதன் பிறகே உள்நோக்கி நகர வேண்டும். நடுவைத் தோண்டியபின் ‘விளிம்பை இன்னும் ஒரு தடவை’ என்று உளியைக் கொண்டுபோனால் மரம் துள்ளும், உளி கடிக்கும், தட்டு போச்சு.

வேகம் இன்னொரு வில்லன். 40 சென்டிமீட்டர் தட்டை நிமிடத்துக்கு 600 சுற்று சுழற்றினால், நடுப்புள்ளி நின்ற இடத்திலேயே சுற்றும், விளிம்போ மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். முண்டுக்குள் பட்டையும் பொந்தும் ஒளிந்திருக்கும். அந்த இடம் பிய்த்துக்கொண்டு வந்தால் நேராக முகத்துக்குத்தான். முகக் கவசம் இல்லாமல் முண்டு மரம் கடைபவரைத் தைரியசாலி என்று சொல்ல மாட்டேன். மரத்தூளும் லேசுப்பட்டதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம்.

★ பொந்துகளில் நீலக்கல் தூளும் பிசினும் அடைத்து மினுக்குவது இப்போது பெரிய மோகம். என் ஓட்டு, ஓட்டையை ஓட்டையாகவே விடுவதற்குத்தான். அலங்காரத் தட்டில் யார் ரசம் ஊற்றப் போகிறார்கள்?

★ புகைக்கும் பைப்புகளும் முண்டுதான்! மத்தியதரைக்கடல் ஓரத்துப் பிரையர் என்ற புதரின் அடிமுண்டு சட்டென்று தீப்பிடிக்காது. அதை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைகிறார்கள். பிரான்சின் சென் குளோட் ஊர் இதற்குப் பேர் போனது.

★ உலகச் சந்தையில் ‘அம்போய்னா’ என்று கொண்டாடப்படும் முண்டு, சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் நிழல் தரும் அங்சானா மரத்துடையது. நம்மூர் வேங்கையும் செம்மரமும் அதே பேரினம். பெயர் வந்தது இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து.

★ ஆஸ்திரேலியாவில் மாலி என்ற குட்டை யூகலிப்டஸ் மரங்கள் மண்ணுக்கடியில் முண்டு வைத்திருக்கும். காட்டுத்தீ மேலே எல்லாவற்றையும் எரித்தாலும் அதிலிருந்து மறுபடி தளிர்க்கும். நிலம் திருத்திய விவசாயிகளின் கலப்பையில் சிக்கிய அந்த முண்டுகள் மெல்போர்ன், அடிலெய்டு வீடுகளில் விறகாக எரிந்தன. இன்றைய கடைசல்காரர் கேட்டால் வயிறு எரிவார்.

★ கலிபோர்னியாவின் கடலோரச் செம்மரங்களுக்கும் (ஆங்கிலத்தில் ரெட்வுட்; நம் செம்மரத்துக்கும் இதற்கும் உறவில்லை) அடிமுண்டுதான் காப்பீடு. பெரிய மரம் சாய்ந்தாலும் முண்டிலிருந்து புது மரம் எழும். தட்டுக்கும் மேசைக்கும் விலை ஏறியதால் திருடர்கள் இரவில் ரம்பத்தோடு நுழைந்து, நிற்கும் மரத்திலிருந்தே முண்டை அறுத்தெடுத்தார்கள். அந்தக் காயம் வழியாக மரத்துக்கு நோய் புகும், அடுத்த தலைமுறைக்கான மொட்டும் போய்விடும். 2014 மார்ச்சில் ரெட்வுட் பூங்கா நிர்வாகம் தன் காட்டுச் சாலை ஒன்றைப் பொழுது சாய்ந்தபின் மூட ஆரம்பித்தது இந்த முண்டுத் திருட்டைத் தடுக்கத்தான்.