வலைப்பந்து வளர்ந்த கதை

பள்ளிக்கூடத் திடலில் இரண்டு கம்பங்கள் எதிரெதிரே நிற்பதை நாம் பார்த்திருப்போம். கம்பத்தின் உச்சியில் ஓர் இரும்பு வளையம். அதிலிருந்து தொங்கும் வலை. மலாய் மொழியில் 'போலா ஜாரிங்' என்று நம் பிள்ளைகள் சொல்லும் வலைப்பந்து ஆட்டத்திற்கு உரியவை அவை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த ஓட்டமும் ஆட்டமும்?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு சீமையிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததே இந்த விளையாட்டு. அது எப்படி என்று இன்று பார்ப்போம்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். வெளியே கடுங்குளிர். கட்டடத்திற்குள்ளேயே மாணவர்கள் ஆட ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. அவர் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அவற்றில் பந்தைப் போடச் சொன்னார். கூடைப்பந்து பிறந்தது.

அடுத்த ஆண்டே, 1892இல், ஸ்மித் கல்லூரி என்னும் பெண்கள் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை இதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்துப் பெண்கள் கணுக்கால் வரை தொங்கும் பாவாடை அணிந்தவர்கள். அதிகமாக ஓடினால் பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. ஆகவே அவர் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவரவர் தம் பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும் என்றார். அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது, மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது என்றும் விதி செய்தார்.

இதற்கிடையில் லண்டனில், சுவீடன் நாட்டிலிருந்து வந்த மேடம் ஓஸ்டர்பெர்க் என்ற அம்மையார், பெண்களை உடற்பயிற்சி ஆசிரியைகளாக்கும் கல்லூரி ஒன்றை நடத்தி வந்தார். 1893இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஒருவர் அங்கே கூடைப்பந்தை அறிமுகப்படுத்தினார். 1895இல் கல்லூரி டார்ட்ஃபோர்டு என்னும் ஊருக்கு மாறியது. அங்கே மாணவிகள் புல்தரையில் ஆடத் தொடங்கினார்கள். கூடைக்குப் பதிலாக வளையமும் வலையும் வந்தன. 1901இல் இதற்கான விதிகள் அச்சாயின. வலை வந்ததால் 'நெட்பால்', அதாவது வலைப்பந்து, என்ற பெயரும் நிலைத்தது.

இத்தகைய கல்லூரிகளில் படித்த ஆசிரியைகள் பல நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். ஆங்கிலேயர் ஆட்சி இருந்த இடமெல்லாம் பள்ளிக்கூடத்தின் வழியாக இந்த ஆட்டமும் போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, இலங்கை, நம் மலாயா, சிங்கப்பூர் எல்லாம் அப்படித்தான். ஆனால் நாட்டுக்கு நாடு விதி மாறியிருந்தது. நியூசிலாந்தில் ஒன்பது பேர் ஆடினார்கள்; வேறு இடங்களில் ஏழு பேர். 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் இலங்கையின் கொழும்பு நகரில் கூடி, அனைவருக்கும் ஒரே விதி வகுத்தார்கள். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. பதினொரு நாடுகள் கலந்துகொண்டன, ஆஸ்திரேலியா வென்றது. 1983இல் அந்த உலகப் போட்டி சிங்கப்பூருக்கே வந்தது. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில்தான் வலைப்பந்துக்கு முதன்முதலாகப் பதக்கம் கொடுத்தார்கள்.

இனி, ஆட்டத்தின் நுட்பத்தைக் கவனிப்போம். ஓர் அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருவர் சட்டை மேலும் எழுத்து இருக்கும். அவர் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்பதை அது காட்டும். கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்த மூன்று வினாடிக்குள் வீசியாக வேண்டும். எதிராளி மூன்றடி தள்ளி நின்றுதான் தடுக்கலாம்.

பெண்ணால் இவ்வளவுதான் முடியும் என்று எண்ணிப் போட்ட வேலிகளிலிருந்து வந்தவை இந்த விதிகளில் பல. நாளடைவில் அவையே ஆட்டத்துக்குப் பலமாயின. எவ்வளவு கெட்டிக்காரியானாலும் ஒருத்தி தனியாக வெல்ல முடியாது. பந்து கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கண் தோழியைத் தேட வேண்டும். முடிவை நொடியில் எடுக்க வேண்டும். இங்கே பலவீனத்திற்கு இடமில்லை என்பதை ஓர் ஆட்டம் பார்த்தாலே நாம் ஒப்புக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆறரை அடிக்கும் மேற்பட்ட உயரம் உடையவர். இலங்கை அணிக்காக ஆடிய அவர், 2019இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் அனைவரையும் விட அதிகமான கோல்களைப் போட்டார்.

தாய்மார்களே, தந்தைமார்களே! தொடக்கப் பள்ளியில் துள்ளி விளையாடிய பெண், வயதுக்கு வந்ததும் திடல் பக்கமே போகாமல் நின்றுவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. தம்பி பந்து விளையாடப் போகிறான். அக்காளுக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும் காத்திருக்கின்றன. இந்த ஆட்டத்திற்குச் சமமான தரையும் இரண்டு கம்பமும் ஒரு பந்தும் போதும். அவற்றோடு, மாலையில் ஒரு மணி நேரமும் வேண்டும். திடலைப் பள்ளிக்கூடம் கொடுத்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.