ஒரு மருத்துவரும் இரண்டு தீர்ப்புகளும்



இருதயத்திலிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்புகிறது என்பதை ஐரோப்பாவில் முதன்முதலில் அச்சில் எழுதியவர், ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மைக்கேல் செர்வெட்டஸ். 1553-இல் வெளிவந்த அந்தப் புத்தகம் மருத்துவ நூல் அல்ல, இறையியல் நூல். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை அதில் அவர் மறுத்திருந்தார். அதுவே அவர் உயிருக்கு வினையானது.

தப்பறை, அதாவது திருச்சபைப் போதனைக்கு மாறான கொள்கை என்பது குற்றச்சாட்டு. பிரான்ஸின் வியன் நகரில் கத்தோலிக்க அதிகாரிகள் அவரைச் சிறைப்பிடித்தார்கள். அவர் தப்பிவிடவே, அவரது உருவப்பொம்மையை எரித்தார்கள். பின்பு ஜெனீவாவில் அகப்பட்டார். அங்கே, கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த சீர்திருத்தச் சபையின் தலைவர் ஜான் கால்வினே அவர்மீது வழக்குத் தொடரச் செய்தார். பகைகொண்ட இரு சபைகளும் இந்த ஒருவர் விஷயத்தில் ஒன்றுபட்டன. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று செர்வெட்டஸ் உயிரோடு எரிக்கப்பட்டார்.

மறு ஆண்டே செபாஸ்டியன் காஸ்டெல்லியோ என்ற அறிஞர், நம்பிக்கைக்காக மனிதரைக் கொல்லலாகாது என வாதிடும் நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். 1903-இல் கால்வின் வழிவந்தவர்களே அந்தத் தவற்றைக் கண்டித்து ஜெனீவாவில் நினைவுக்கல் நாட்டினார்கள். மனசாட்சியைத் தண்டிக்கும் உரிமை எந்தச் சபைக்கும் இல்லை என்பதை உலகம் இத்தனை விலை கொடுத்தே கற்றது.