பல் துலக்கியதும் வாய் எரிகிறதா?



"குழம்புல மிளகாயை அள்ளிக் கொட்டிட்டியா? வாயில வைக்க முடியலையே!" என்று கணவர் கோபிக்கிறார். "எப்பவும் போடுற அளவுதாங்க" என்கிறார் மனைவி. பல வீடுகளில் நடக்கும் சண்டைதான் இது. ஆனால் குற்றம் குழம்பின் மேல் இல்லாமலும் இருக்கலாம். காலையில் பல் துலக்கிய பொருளே வாயைப் புண்ணாக்கியிருக்கலாம்.

எரிச்சல் தரும் பொருள்கள் எவை?

வாயின் உட்புறத் தோல் மிகவும் மெல்லியது. கையில் பட்டால் ஒன்றும் செய்யாத பொருள்கூட அங்கே பட்டால் எரியும்.

1. நுரைச் சரக்கு: பல பற்பசைகளில் நுரை வருவதற்காக சோடியம் லாரில் சல்பேட் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். ஷாம்பூக்களிலும் இது உண்டு. சிலருக்கு இதனால் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக உரியும். நுரை அதிகம் வந்தால் பல் அதிகம் சுத்தமாகும் என்று நினைப்பது தவறு.

2. வாசனைச் சரக்கு: புதினா, லவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய் முதலியவை. இவற்றில் பட்டை வாசனை சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்.

3. வாய் கொப்பளிக்கும் திரவம்: சில வகைகளில் ஆல்கஹால் இருக்கிறது. அது வாயை உலர்த்தும், எரிச்சலையும் கூட்டும்.

4. செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள்: இவை ஈறைச் சிராய்க்கும், பல்லையும் தேய்க்கும்.

5. புகையிலைப் பொடி: இதை ஈறில் தேய்ப்பது ஆபத்து. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது.

"பத்து வருஷமா இதே பேஸ்ட்தானே போடுறேன், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பீர்கள். ஒவ்வாமை முதல் நாளே வர வேண்டுமென்பதில்லை. பல வருடம் ஒத்துக்கொண்ட பொருளும் ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

பழைய பற்பசையையும் கொப்பளிக்கும் திரவத்தையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். மிருதுவான பிரஷ்ஷால், வெறும் தண்ணீரில், காலையும் இரவும் துலக்குங்கள். எரிச்சல் தணிந்தால் காரணம் அதுவே. ஆனால் பற்பசையே வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள். காட்டமான வாசனையில்லாத, சோடியம் லாரில் சல்பேட் சேராத, ஃபுளோரைடு உள்ள பற்பசைக்கு மாறுங்கள். ஃபுளோரைடு சொத்தைப் பல் வராமல் காக்கும். பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும். டப்பாவில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

உதடோ முகமோ வீங்கினாலும், மூச்சு முட்டினாலும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிறுத்தியும் எரிந்தால்?

இரத்த சோகை, வைட்டமின் பி-12 குறைவு, சர்க்கரை நோய், வாயில் பூஞ்சைத் தொற்று ஆகியவற்றாலும் வாய் எரியும். மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்கும் இந்தத் தொல்லை வருவதுண்டு. இரத்தப் பரிசோதனை செய்தால் இவற்றில் பலவும் தெரிந்துவிடும். கர்ப்பிணிப் பெண்கள் நர்சம்மா கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

பாக்கு, புகையிலை, பான் மசாலா போடுபவர்கள் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். பாக்கு போடப் போட வாயின் உட்புறத் தோல் இறுகும். முதலில் காரம் தாங்காது, பிறகு வாய் திறப்பு குறையும். மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். இது புற்றுநோயாக மாறக்கூடும்.

மாதம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் கணவர் வாயை மனைவியும், மனைவி வாயைக் கணவரும் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தென்பட்டால், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்குவது எளிது. போகும்போது வீட்டில் பல் துலக்கும் பொருளையும் கையோடு எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.