கணக்கிற் பிறக்கும் ஒளி

1918ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாய்வகத்து அறிஞர் ஹீபர் கர்ட்டிஸ், கன்னி விண்மீன் குழுவில் தோன்றும் எம்-87 என்னும் வான்முகிலை ஆராய்ந்தார். அதன் நடுவிலிருந்து நேர்கோடுபோல் புறப்படும் கதிர் ஒன்றைக் கண்டு குறித்து வைத்தார். அஃது இன்னதென அன்று எவராலும் கூற இயலவில்லை.

எம்-87 ஏறத்தாழ 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவே, கதிரவனைப்போல் 650 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று உள்ளது. கர்ட்டிஸ் கண்ட கோடு, அவ்விடத்திலிருந்து பீறிட்டு எழும் பிளாஸ்மாத் தாரையாகும். அணுக்கள் சிதைந்து, எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியே திரியும் நிலையே பிளாஸ்மா எனப்படும்.

அகப்பட்டதை விழுங்கும் கருந்துளையின் அருகிலிருந்து தாரை எழுவது எங்ஙனம்? கயிறு திரிப்போர் கையில் புரி முறுக்கேறுவதுபோல, சுழலும் கருந்துளையால் காந்தப் புலம் முறுக்கேறுகிறது. அச்சுழற்சியின் ஆற்றலே தாரையை உந்துகிறது என்று 1977இல் பிளாண்ட்ஃபோர்டு, ஸ்னாயெக் என்னும் இருவர் விளக்கினர். இதனை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தல் இயலாது. ஆதலின் அறிஞர் கணிப்பொறியை நாடினர். கருந்துளையைச் சூழ்ந்த வெளியைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பிளாஸ்மாவின் அடர்த்தி, வேகம், காந்தப் புலம் ஆகியவற்றைக் குறித்து, இயற்பியல் விதிகளின்படி அடுத்த கணத்து நிலையைக் கணக்கிடுவர். இவ்வாறு கணம் கணமாகக் கணக்கு வளரும்.

திரையில் தாரை அழகாக எழுந்துவிட்டால் உண்மை கிட்டிவிட்டது என்று எண்ணுதல் கூடாது. தொலைநோக்கி அடர்த்தியைக் காண்பதில்லை, ஒளியையே காண்கிறது. எனவே, அப்பிளாஸ்மா எத்தகைய ஒளியை வீசும் என்னும் இரண்டாவது கணக்கும் வேண்டும். ஒளியின் வேகத்தை நெருங்கிய எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தைச் சுற்றிச் சுழலும்போது சின்குரோட்ரான் கதிர்வீச்சு பிறக்கிறது. அவ்வொளி பெரும்பாலும் ஒரு திசையிலேயே அதிரும். எம்-87இன் தாரையொளி அத்தகையதே என்பதை 1956இல் வால்டர் பாடே கண்டறிந்தார். இவ்வொளியைக் கணக்கிடுவோர் தொலைநோக்கியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கதிரின் வழியையும் தொடர்வர். கருந்துளையருகே அவ்வழி வளையும். நம்மை நோக்கி விரையும் தாரை மிகுந்து ஒளிரும். எதிர்ப்புறம் செல்வது மங்கும்.

இடர்ப்பாடு ஒன்று இங்கே உண்டு. முதற்கணக்கு பிளாஸ்மா முழுவதன் வெப்பத்தைத் தருமேயன்றி, ஒளி வீசும் எலெக்ட்ரான்களின் வெப்பத்தைத் தனியே தருவதில்லை. அதனை ஊகித்தே கொள்ள வேண்டும். ஊகம் மாறின், அதே தாரை வேறு படமாகத் தோன்றும்.

2017இல் உலகின் பல இடங்களிலுள்ள ரேடியோத் தொலைநோக்கிகள் ஒன்றிணைந்து எம்-87இன் நடுவை நோக்கின. ஒளிவளையம் சூழ்ந்த இருள்வட்டமாக அப்படம் 2019இல் வெளியாயிற்று. அதனோடு ஒப்பிட, கணக்கினால் உருவான 60,000க்கும் மேற்பட்ட படங்கள் ஆயத்தமாக இருந்தன. வியப்பென்னவெனில், அவற்றுள் மிகப்பல அவ்வளையத்தோடு பொருந்திவிட்டன! வளையம் மட்டும் உண்மைக் கணக்கைப் பிரித்துக் காட்டப் போதவில்லை. ஒளி அதிரும் திசையைக் காட்டும் படம் 2021இல் வந்த பின்னரே பல கணக்குகள் கழிந்தன. வலிய காந்தப் புலம் உடையனவே பெரும்பாலும் நிலைத்தன. தாரையின் நெடுவழியில் எலெக்ட்ரான்கள் மீண்டும் மீண்டும் ஆற்றல் பெறுவது எங்ஙனம் என்பதை அறிஞர் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.